ஊர்ப்புறத்துத் திறந்தவெளி: அதில் யாருக்கு உரிமை?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



வியாபாரிகளாகிய நமக்கு நிலம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது அதன் விலைதான். சதுர அடி என்ன விலை, வாடகை எவ்வளவு, ஜன நடமாட்டம் எப்படி என்று கணக்குப் போடுவது நம் தொழிலோடு ஒட்டிப் பிறந்த பழக்கம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஊரை ஒட்டிக் கடையோ வீடோ இல்லாமல் புல் முளைத்துக் கிடக்கும் ஒரு வெளியைக் கண்டால், "இத்தனை இடம் வீணாய்க் கிடக்கிறதே!" என்று நம் வாயில் சட்டென வந்துவிடுகிறது. அந்தச் சொல் சரிதானா? வெறும் வெளி என்பது வீணான வெளிதானா? இதைச் சிந்திப்பதே இன்றைய பாடத்தின் நோக்கம். இதற்காக நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. தேக்காவுக்கும் சிராங்கூன் சாலைக்கும் பக்கத்தில், நம்மில் பலர் தினமும் கடந்து போகும் ஃபேரர் பார்க் திடலின் கதையே போதுமானது. அதற்குமுன் மதீனமாநகரை ஒரு முறை நினைவு கூர்வோம்.

மதீனாவின் வெளிகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்ததும் பள்ளிவாசலுக்காக இடம் தேடினார்கள். தேர்ந்தெடுத்த இடம் இரண்டு அனாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமாயிருந்தது. அதை இனாமாகவே தருவதாகச் சொல்லியும், பெருமானார் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். நல்ல காரியத்துக்காயினும் பிறர் நிலத்தை உரிமையில்லாமல் எடுப்பதற்கில்லை என்பது அங்கேயே நிலைநாட்டப்பட்டது.

பின்னர் ஊருக்குச் சந்தை வேண்டியிருந்தது. கட்டடம் எழுப்பாமல், திறந்த வெளி ஒன்றைச் சந்தைக்கென ஒதுக்கினார்கள். இடத்தைக் குறுக்கலாகாது, வரி விதிக்கலாகாது என்பதே அதற்கிட்ட நிபந்தனை. பள்ளிவாசலில் முந்தி வந்தவர் முந்திய வரிசையில் அமர்வதுபோல, சந்தையிலும் முந்தி வந்தவர் அன்றைய பொழுதுக்கு அந்த இடத்தில் அமரலாம். மறுநாள் அது அவருக்குச் சொந்தமல்ல. இதுவே ஆதிகால வழக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் உரைக்கிறார்கள். கையில் முதலில்லாத புதிய வியாபாரியும் துண்டை விரித்துத் தொழில் தொடங்க அந்த வெளி இடம் கொடுத்தது.

பெருநாள் தொழுகைக்கு ஊருக்குப் புறத்தே ஒரு திடல் இருந்தது. குதிரை ஓட்டத்துக்கும் இடமிருந்தது. பயிற்சி பெற்ற குதிரைகள் அல்ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரைக்கும், பயிற்சி பெறாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரைக்கும் ஓடவிடப்பட்டதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆகவே ஊர்ப்புறத்து வெளியில் குதிரை ஓடுவது நமக்குப் புதிய விஷயமல்ல. சூதாட்டம் அதில் கலந்த பின்னரே அது ஹராமாகிறது. இதை மனதில் இருத்திக்கொண்டு சிங்கப்பூருக்கு வருவோம்.

சேற்று நிலத்தில் பந்தயத் திடல்

தேக்கா வட்டாரத்துக்கு அக்கம்பக்கத்தில் வழங்கிய பழைய பெயர்களே அதன் சரித்திரத்தைச் சொல்லும். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். 'தேக்கா' என்பது மூங்கில் புதரின் அடி என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. தண்ணீரும் புல்லும் மூங்கிலும் மிகுந்த தாழ்ந்த நிலம் அது. மாட்டு வியாபாரத்துக்கு ஏற்ற இடமாதலால் நம் நாட்டவர் பலர் அங்கே குடியேறினர்.

1842இல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற சங்கம் ஐரோப்பிய வர்த்தகர்களாலும் அதிகாரிகளாலும் அமைக்கப்பட்டது. அந்தத் தாழ்நிலத்தைச் சீர்படுத்திக் குதிரைப் பந்தயத் திடலாக்கினார்கள். முதற் பந்தயம் 1843 பிப்ரவரியில் நடந்தது. இன்றும் வழங்கும் 'ரேஸ் கோர்ஸ் சாலை' என்ற பெயர் அதன் ஞாபகமே.

பந்தயமோ வருடத்தில் சில நாட்களுக்குத்தான். மற்ற நாட்களில் அவ்வளவு பெரிய வெளி என்ன செய்யும்? வேறு வேறு உபயோகங்கள் அதைத் தேடி வந்தன. 1891இல் ஏற்பட்ட கோல்ப் சங்கம் அந்தத் திடலிலேயே பந்தாடியது. 1911 மார்ச்சில் ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு விமானி, அங்கிருந்து ஆகாய விமானம் ஒன்றில் பறந்து காட்டினார். சிங்கப்பூர் வானத்தில் விமானம் பறந்தது அதுவே முதல் தடவை.

1919 டிசம்பர் 4ந் தேதி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ராஸ் ஸ்மித் குழுவினரின் விமானமும் இங்கேயே இறங்கியது. அந்தக் கனத்த விமானத்துக்குத் திடல் சிறியது. ஓட்டம் சீக்கிரம் நிற்க வேண்டுமென்று, குழுவிலிருந்த இயந்திரத் தொழிலாளி ஒருவர், விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்து உடற்பகுதியின் மேலாகச் சறுக்கி வால்புறத்துக்குப் போய்ப் பாரம் கொடுத்தாராம்! விமான நிலையம் என்ற ஒன்று இல்லாத காலத்தில் ஊரின் திறந்தவெளியே அந்த வேலையைச் செய்தது. 1842இல் சேற்றைத் தூர்த்தவர்கள் இதற்காகவா தூர்த்தார்கள்? நாளைக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அறியாத தேவைக்கும் இடம் வைத்திருப்பதே வெளியின் முதற் பிரயோஜனம்.

செல்வர் திடல் சிறுவர் திடலான கதை

ஊர் வளர்ந்தது, சுற்றிலும் கடைகளும் வீடுகளும் நெருங்கின. ஸ்போர்ட்டிங் கிளப் 1924இல் டர்ப் கிளப் என்று பெயர் மாறி, 1933இல் புக்கிட் தீமாவில் அமைத்த புதிய திடலுக்குக் குடிபெயர்ந்தது. பழைய திடல் சிங்கப்பூர் அபிவிருத்தி டிரஸ்டின் கைக்கு வந்தது. நகரசபைத் தலைவராயிருந்த ரோலண்ட் ஃபேரர் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டு, பொதுமக்கள் விளையாட்டுத் திடலாயிற்று.

இந்த மாறுதலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தொண்ணூறு வருட காலம் சங்க அங்கத்தினர்களுக்கும் பந்தயம் கட்டுவோருக்கும் முதலிடம் கொடுத்த நிலம், சிராங்கூன் சாலைக் கடைப் பையன்களும் கம்பத்துச் சிறுவர்களும் பந்து உதைக்கும் நிலமாக மாறியது. கால்பந்து, ஹாக்கி, ஓட்டப் பந்தயம் யாவும் அங்கே நடந்தன. 1957இல் பொது நீச்சல் குளமும் அமைந்தது. பகல் முழுதும் கடையில் நின்று மூட்டை தூக்கிய பிள்ளை, அந்தி நேரத்தில் அரைமணி ஓடியாட அந்தப் புல்வெளி வந்து சேர்ந்தது. மாறுதல் எல்லாம் கெடுதல் அல்ல. யாருக்காக மாறியது என்பதே கேள்வி.

1942 பிப்ரவரி 17

அந்தத் திடலின் ஏட்டில் துக்ககரமான நாளும் ஒன்றுண்டு. சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17ந் தேதி, பிரிட்டிஷ் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க்கில் கூட்டப்பட்டார்கள். அவர்கள் தொகை சுமார் 45,000 என்று சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். அதன்பின் காப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் துவக்கம் அங்கேதான்.

முஸ்லிம்களும் ஹிந்துக்களும் சீக்கியர்களும் கலந்த அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அன்று ஒரு முடிவு செய்யவேண்டியிருந்தது. புதிய படையில் சேருவதா, போர்க் கைதியாகவே இருப்பதா என்று. எந்த முடிவாயினும் அதன் விலை பெரிது. அதே வாரத்தில் ஐரோப்பியர்கள் நகரின் மறுபக்கத்திலுள்ள பாடாங் திடலில் கூட்டப்பட்டு, அங்கிருந்து சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஊர் தன் மகிழ்ச்சியைக் கொண்டாடுவதும் திறந்தவெளியில்தான், அதன் தலைவிதி எழுதப்படுவதும் திறந்தவெளியில்தான் என்பதை இது காட்டும். யுத்தத்துக்குப் பின் 1950களில் அரசியல் கட்சிகள் பெருங்கூட்டங்கள் கூட்டியதும் இதே ஃபேரர் பார்க்கில்தான். அங்கே சுதந்தரத்தைப் பற்றி முழங்கிய பேச்சுக்களைப் புல்தரையில் நின்று கேட்டவர்களில் நம் சமூகத்து வியாபாரிகளும் தொழிலாளரும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்

பிற்காலத்தில் மற்றொரு கூட்டம் அந்த வட்டாரத்தை நாடியது. தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்த சகோதரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய வெளிகளில் கூடலானார்கள். ஊரிலிருந்து வந்த சேதியைப் பரிமாறுவது, பணம் அனுப்புவது, பக்கத்து அங்குல்லியா பள்ளிவாசலில் தொழுவது, புல்லில் சற்றுக் கால் நீட்டுவது, இவ்வளவே அவர்களது உல்லாசம். ஆறு நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஆறுதல்.

2013 டிசம்பர் 8ந் தேதி இரவு அங்கே தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு மாண்டதையொட்டிக் கலகம் மூண்டது. வாகனங்கள் எரிந்தன. அது வருந்தத்தக்கது, நியாயப்படுத்தத் தக்கதல்ல. 2015இல் வந்த சட்டம் அந்த வட்டாரத்தில் மது விற்பனைக்கும் அருந்துவதற்கும் கட்டுப்பாடு விதித்தது. மதுவின் தீங்கைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். அந்தச் சகோதரர்கள் கூடும் நாளில்தான் நம் கடைகளில் பலவற்றுக்கு வாரத்தின் பெரிய வியாபாரம். அவர்கள் காசைக் கல்லாவில் வாங்கிக்கொண்டு, அவர்கள் புல்லில் உட்காருவதைக் கண்டு முகம் சுளிப்போமானால், அது முஃமினுக்கு அழகாகுமா?

ஒரே வருடம், இரண்டு தீர்ப்பு

2022ஆம் வருடம் நமக்குப் பாடமாக அமைந்தது. அவ்வருட ஆரம்பத்தில், ஃபேரர் பார்க்கின் திறந்தவெளியில் சுமார் 1,600 வீவக வீடுகள் கட்டும் திட்டம் வெளியாயிற்று. விளையாட்டு மரபு அற்றுப்போகாமல், திடல் ஒன்றும் விளையாட்டு வசதிகளும் அந்தத் திட்டத்திலேயே சேர்க்கப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது. பழைய நீச்சல் குளமோ 2003இலேயே மூடப்பட்டுவிட்டது.

அதே 2022இல், ஆகஸ்டு 9ந் தேதி, பாடாங் திடல் சிங்கப்பூரின் 75வது தேசிய நினைவுச்சின்னமாகச் சட்டப்படி பிரகடனம் செய்யப்பட்டது. கட்டடமாக இல்லாமல் பசும்புல் வெளியாக அந்தத் தகுதியைப் பெற்றது அதுவே முதன்மையானது. அதன் பரப்பு சுமார் 4.3 ஹெக்டேர். 1822இல் வரைந்த நகரப் படத்திலேயே அந்த இடம் திறந்தவெளியாகக் காட்டப்பட்டிருந்தது. நம் முன்னோருக்கென்று 'சூலியா கம்பம்' குறிக்கப்பட்டதும் அதே படத்தில்தான். 1943 ஜூலையில் நேதாஜி பேசியதும், 1959 ஜூன் 3ந் தேதி சுயாட்சி கொண்டாடப்பட்டதும், 1966இல் முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்ததும் பாடாங்கில்தான்.

ஒரு வெளிக்குச் சட்டத்தின் காவல். மற்றொரு வெளிக்கு வீடுகள். இதில் ஒன்று நியாயம், மற்றது அநியாயம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாகாது. புதிதாக மணம் முடித்த தம்பதிக்கு வீடு வேண்டும். இந்தத் தீவில் நிலமோ கொஞ்சம். வீடும் ஒரு தர்மமான உபயோகமே. பந்தயத் திடலின் மீதிக் கதையையும் பாருங்கள். டர்ப் கிளப் புக்கிட் தீமாவை 1999இல் விட்டுக் கிராஞ்சிக்குப் போனது. அங்கும் 2024 அக்டோபர் 5ந் தேதி கடைசிப் பந்தயம் ஓடி, 1843இல் தொடங்கிய பந்தயம் ஒருவழியாக முற்றுப் பெற்றது. அந்த நிலமும் வீடு முதலிய தேவைகளுக்காகச் சர்க்காரிடம் திரும்புவதென முடிவாகியது. சூதின் களம் குடியிருப்பாவதைக் குறித்து நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் சிறுவரின் பந்துத் திடல் குறைவதும் அதுவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது. அப்படியானால் எந்தத் தராசு?

ஹலரத் உமர் (ரலி) அவர்களின் அளவுகோல்

மதீனாவுக்கு வெளியே பொதுக் கால்நடைகளுக்கென ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் வெளிக்கு 'ஹிமா' என்று பெயர். கலீபா உமர் (ரலி) அவர்கள் அதற்கு ஹுனைய் என்ற தம் ஊழியரைக் காவலாக நியமித்தபோது சொன்ன புத்திமதி புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இது: ஜனங்களிடம் பணிவாக நடந்துகொள்; அநீதிக்கு உள்ளானவனின் சாபத்துக்கு அஞ்சு; சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உள்ளவனை உள்ளே விடு; ஆனால் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு, உதுமான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே. அவர்களது கால்நடை மடிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் பயிர் நிலமும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை மடிந்தாலோ, அவன் பிள்ளை குட்டிகளோடு என் வாசலில் வந்து நிற்பான்.

சகோதரர்களே, விலக்கப்பட்ட அந்த இருவரும் யார்? சுவர்க்கத்தின் நன்மாராயம் பெற்றவர்கள். இஸ்லாத்துக்காகச் செல்வத்தை வாரி வழங்கிய பெரு வர்த்தகர்கள்! அவர்கள் நம் தொழில் குலத்துத் தலைமக்கள். அவர்கள் மீது குறை சொல்லி விலக்கவில்லை. அவர்களுக்கு வேறு வெளி இருக்கிறது. ஏழைக்கு வேறு வெளி இல்லை. இந்த ஒரே காரணந்தான். ஹிமாவை ஒதுக்கியதால் சுற்றுப்புறத்தார் தங்கள் நிலத்துக்குத் தாம் அநீதி செய்ததாக எண்ணுவார்களே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. பொதுத்தேவை இல்லாவிட்டால் ஒரு சாண் நிலத்தையும் ஒதுக்கியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்கள்.

இதுவே நமக்கு வேண்டிய தராசு. ஒரு வெளியின் உபயோகம் மாறும்போது, "எவ்வளவு லாபம்?" என்று மட்டும் கேளாமல், "இது போனால் வேறு போக்கிடம் இல்லாதவர் யார்?" என்று கேட்க வேண்டும். டர்ப் கிளப்புக்கு ஃபேரர் பார்க் போனால் புக்கிட் தீமா இருந்தது. புக்கிட் தீமா போனால் கிராஞ்சி இருந்தது. கடைப் பையனுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளிக்கும் அப்படி இல்லை. ஆகையால் அந்தத் திட்டத்துக்குள் வைப்பதாகச் சொன்ன திடல் சிறிதாயினும், எல்லோரும் கால் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

நம் கடைவாசலும் ஒரு வெளியே

பெரிய திடல்களைப் பற்றிப் பேசுவது எளிது. நம் கையிலிருக்கும் சிறு வெளியைப் பற்றியும் பேசுவோம். 1822இல் ராபில்ஸ் வகுத்த நகர விதிகளில், கடைவீடுகளின் முன்னே எப்போதும் திறந்திருக்கும் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்ற விதியும் ஒன்று. நாம் 'காக்கி லீமா' என்றும் ஐந்தடி வழி என்றும் சொல்வது அதைத்தான். அது கடைக்காரரின் கூரையின் கீழ் இருக்கிறது. ஆனால் நடப்பவரின் உரிமை. இந்த இரட்டைத் தன்மையால் சச்சரவு ஓயவில்லை. 1888 பிப்ரவரியில் நகரசபை அந்த வழிகளைக் காலி செய்ய முற்பட்டபோது, கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரமே உண்டாயிற்று.

இன்று நம் அரிசி மூட்டையும், துணி உருட்டும், பெட்டிகளும் அந்த வழியில் எத்தனை அடி வந்திருக்கின்றன? முதல் வாரம் ஒரு பெட்டி; பண்டிகைக்கு இரண்டு; பண்டிகை முடிந்தும் உள்ளே போகவில்லை. தள்ளுவண்டியில் வரும் முதியவர் சாலையில் இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. பாதைக்கும் உரிமைகள் உண்டு, தொல்லை தராதிருப்பது அவற்றில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் நவின்றார்கள். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவனுக்கு மறுமையில் உள்ள தண்டனையை எச்சரித்த ஹதீஸையும் நாம் அறிவோம். திறந்தவெளி ஒரே நாளில் பறிபோவதில்லை. ஒவ்வொரு சாணாக, ஒவ்வொரு நியாயமான காரணத்தோடு, அது குறைகிறது. சந்தையைக் குறுக்கலாகாது என்ற கட்டளையின் நுட்பம் இப்போது விளங்குகிறதல்லவா?

எழுதி வைத்தலின் அவசியம்

கடைசியாக ஒரு விஷயம். பாடாங் இரண்டு நூற்றாண்டாய் நிலைத்ததற்கு ஒரு காரணம், துவக்கத்திலேயே அது வெளி என்று படத்தில் குறிக்கப்பட்டதும், பின்னர் சட்டத்தில் ஏறியதுமாகும். வக்பு செய்யும் சகோதரர்களுக்கு இதில் படிப்பினை உண்டு. நம் முன்னோர் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் மையத்தாங்கொல்லைக்கும் நிலம் கொடுத்தார்கள். நோக்கம் தெளிவாக எழுதப்படாத இடங்களில் பிற்காலத்தில் வழக்கும் வில்லங்கமும் உண்டாயின. நீரிணைக் குடியேற்றங்களில் 1905இல் அறநிலையங்களுக்கெனச் சட்டம் செய்ய நேர்ந்ததே நிர்வாகச் சீர்கேட்டின் அடையாளம்தான். இன்று சிங்கப்பூரில் 1968இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் வக்புகள் உள்ளன. கொடுப்பவர் நிலம் எது, நோக்கம் எது, வருமானம் யாருக்கு என்று தெளிவாக எழுதிப் பதிவு செய்தால், அவர் கபுரில் உறங்கும் காலத்திலும் நன்மை ஓடி வந்துகொண்டிருக்கும். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது?

சிந்திப்பதற்குச் சில வினாக்கள்

1. மதீனாச் சந்தைக்கு இடப்பட்ட இரு நிபந்தனைகள் யாவை? அவை புதிய வியாபாரிக்கு எவ்விதம் உதவின?
2. ஃபேரர் பார்க் வெளி 1842 முதல் இன்று வரை எத்தனை உபயோகங்களுக்கு ஆட்பட்டது? அவற்றில் எவை முன்கூட்டியே எண்ணப்படாதவை?
3. பெரு வர்த்தகரின் மந்தையை உமர் (ரலி) அவர்கள் ஏன் விலக்கச் சொன்னார்கள்?
4. நம் கடைமுன் உள்ள ஐந்தடி வழியில் இன்று ஒருவர் தடையின்றி நடக்க முடியுமா?

நான்காம் வினாவுக்கு விடையை ஏட்டில் எழுத வேண்டாம். நாளைக் காலை கடை திறக்கும்போது, வாசலில் நின்று நாமே பார்த்துக்கொள்வோம். பெட்டி இருந்தால் உள்ளே எடுத்து வைப்போம்.

பூமி முழுவதையும் தொழுமிடமாக ஆக்கித் தந்த அல்லாஹ்தஆலா, அதில் பிறர் உரிமையைப் பேணி நடக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.